சுவரில் இருந்த சிறுவன்

என் எழுதுமேசைக்கு எதிரே ஓர் ஓவியத்தின் அச்சுப்பிரதி பல ஆண்டுகளாகத் தொங்குகிறது. டச்சு ஓவியர் யொஹான்னஸ் வெர்மீர் 1657க்கும் 1659க்கும் இடையில் வரைந்ததாகக் கருதப்படும் அந்த ஓவியத்தில் ஓர் இளம்பெண் திறந்த சன்னலருகே நின்று கடிதம் படித்துக்கொண்டிருக்கிறாள். சன்னல் கண்ணாடியில் அவள் முகத்தின் மங்கலான பிம்பம் விழுந்திருக்கிறது. முன்னால் கம்பளம் விரித்த மேசையின் மீது பழத்தட்டு ஒன்று சாய்ந்து கிடக்கிறது. வலப்பக்கம் பச்சைத் திரைச்சீலை பாதி விலகியிருக்கிறது. அவளுக்குப் பின்னால், படத்தின் மேற்பகுதியில் பெரும் இடத்தை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத ஒரு சுவர். நான் இந்தப் பிரதியை வாங்கியதே அந்தச் சுவருக்காகத்தான். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் சொல்லப்போவதில்லை, ஓவியரும் சொல்லப்போவதில்லை, நானும் கேட்கப்போவதில்லை என்று மூவருக்குள்ளும் ஓர் உடன்பாடு ஏற்பட்டதுபோல அந்த வெற்றிடம் எங்களைக் காத்து நின்றது.

அந்தச் சுவரை வெறுமையாக்கியவர் வெர்மீர் இல்லை என்பது பின்னால்தான் தெரியவந்தது. 1979இல் எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்திலேயே சுவருக்கு அடியில் மன்மதச் சிறுவன் ஒருவனின் ஓவியம் மறைந்திருப்பது புலப்பட்டுவிட்டது. ஆனால் வெர்மீரே தன் மனத்தை மாற்றிக்கொண்டு அதை மறைத்திருப்பார் என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் எண்ணிவந்தார்கள். 2017இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகர அருங்காட்சியகம் அதைச் செப்பனிடத் தொடங்கியபோது, சிறுவனுக்கும் அவனை மறைத்த வண்ணத்துக்கும் இடையில் பழைய வார்னிஷும் அதன்மேல் படிந்த அழுக்கும் இருப்பதை ஆய்வகத்தில் கண்டார்கள். ஓர் ஓவியத்தின் மேல் அழுக்குப் படியப் பல பத்தாண்டுகள் வேண்டும். எனவே மறைத்தது வெர்மீர் இறந்த பிறகு வந்த யாரோ ஒருவர். அந்த மேற்பூச்சைக் கூர்மையான சிறுகத்தியால் உருப்பெருக்கியின் கீழ் வைத்துச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்து, 2021 செப்டம்பரில் ஓவியத்தை மீண்டும் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். இப்போது அவளுக்குப் பின்னால், கனத்த சட்டமிட்ட படத்துக்குள், கையில் வில்லோடு தரையில் கிடக்கும் முகமூடியை மிதித்தபடி மன்மதன் நிற்கிறான். அது காதல் கடிதம் என்பதும், பொய் வேடத்தைக் காதல் வெல்லும் என்பதும் இப்போது வெளிப்படையாகச் சொல்லப்பட்டுவிட்டன.

செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. நான் இத்தனை ஆண்டுகளாக நேசித்த மௌனம் பெயர் தெரியாத யாரோ ஒருவர் செய்த மறைப்பு என்றால், அந்த நேசத்துக்கு என்ன பொருள்? அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு, ஓவியர்களும் சிற்பிகளும் மௌனத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்று கடந்த சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான பணி. எந்த ஓவியமும் ஒலி எழுப்புவதில்லை. போர்க்களத்தை வரைந்தாலும் கித்தான் ஊமையாகத்தான் இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு படம் இன்னொரு படத்தைவிட அமைதியாக இருப்பதாக நமக்கு ஏன் தோன்றுகிறது?

தமிழில் இதைப் பற்றி எண்ணிப் பார்க்க ஒரு வசதி உண்டு. மௌனம், நிசப்தம், அமைதி என்னும் மூன்று சொற்களை நாம் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் புழங்கினாலும் அவற்றுக்குள் வேறுபாடு இருக்கிறது. மௌனம் பேசக்கூடியவர் பேசாதிருப்பது. நிசப்தம் இடத்துக்கு உரியது. அங்கே ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். அமைதி உள்ளத்துக்கு உரியது. கூச்சலுக்கு நடுவிலும் அது வாய்க்கும். இவற்றோடு நான்காவதாக வாயடைப்பு என்பதையும் சேர்க்க வேண்டும், ஏனெனில் பேச விரும்பியவரைப் பேசவிடாமல் செய்ததும் வெளியிலிருந்து பார்க்க மௌனம் போலவே இருக்கும். ஓவியர்கள் இந்த நான்கையும் ஒரே வழியில் தீட்டுவதில்லை என்பதைக் கண்டுகொண்ட பிறகே எனக்குப் பல படங்கள் பிடிபடத் தொடங்கின.

உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டுவதுதான் எல்லோரும் அறிந்த வழி. அதன் வரலாற்றில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. பண்டைய எகிப்தியர்கள் ஹோரஸ் என்னும் தெய்வத்தைக் குழந்தையாக, வாயருகே விரல் வைத்த கோலத்தில் செதுக்கினார்கள். அவர்களுக்கு அது குழந்தைப் பருவத்தின் அடையாளம். கிரேக்கரும் ரோமானியரும் அதைப் பேசாதே என்னும் சைகையாகப் புரிந்துகொண்டு, ஹார்ப்போகிரேட்டீஸ் என்ற பெயரில் அவனை மௌனத்தின் தெய்வமாக்கிவிட்டார்கள். ஃபிளாரன்ஸ் நகரின் சான் மார்கோ மடத்தில், 1440களின் தொடக்கத்தில், ஒரு கதவுக்கு மேலே உள்ள அரைவட்டச் சுவரில் ஃபிரா ஆஞ்சலிகோ ஒரு புனிதரை இதே சைகையோடு வரைந்தார். கடந்து செல்லும் துறவிகளுக்கு மடத்தின் விதியை நினைவூட்டும் படம் அது. பெல்ஜியத்தின் ஃபெர்னாண்ட் க்னோஃப் 1890இலும், பிரான்சின் ஒடிலோன் ரெடோன் ஏறத்தாழ 1911இலும் ‘மௌனம்’ என்றே தலைப்பிட்டு உதட்டில் விரல் பதித்த முகங்களைத் தீட்டினார்கள். ரெடோனின் படத்தில், இருண்ட நீள்வட்டத்துக்குள்ளிருந்து மூடிய கண்களோடு எழுந்துவரும் அந்த முகம் அழகானதுதான். எனினும் இந்தப் படங்கள் மௌனத்தைப் பற்றி நமக்குச் சொல்கின்றனவே தவிர, நம்மை மௌனத்துக்குள் அழைத்துச் செல்வதில்லை என்பது என் எண்ணம். சைகையும் ஒரு மொழிதான். கல்லாலின் கீழ் அமர்ந்த தட்சிணாமூர்த்தியைச் செதுக்கிய சிற்பிகள் இதை இன்னும் நுட்பமாகக் கையாண்டிருக்கிறார்கள். அங்கே கை முத்திரை காட்டினாலும் அது கேட்பவரைத் தடுக்கவில்லை. சொல்லாமல் சொல்வது எதுவோ அது நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்பதைச் சுற்றியிருக்கும் நால்வரின் முகங்களிலிருந்துதான் நாம் அறிந்துகொள்கிறோம்.

இதற்கு மறுபக்கமாக எட்வர்ட் மங்க் 1893இல் வரைந்த ‘அலறல்’ எப்போதும் என் நினைவுக்கு வருகிறது. முன்னால் நிற்கும் உருவம் அலறுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். மங்க் எழுதிவைத்த குறிப்பின்படி இயற்கையின் ஊடாகச் சென்ற அலறலை உணர்ந்தவர் அவர்; படத்தில் இருப்பவரும் அதைத் தாங்கமாட்டாமல் காதுகளைப் பொத்திக்கொண்டிருக்கிறார். வானமும் நீரும் ஒரே அலையாய் வளைவதால் ஒலி கண்ணுக்குத் தெரிகிறது. ஒலியை அப்படி வரைய முடியுமென்றால், ஒலியின்மையையும் கோட்டாலும் இடைவெளியாலும்தான் வரைந்தாக வேண்டும்.

வெர்மீரிடமே திரும்புகிறேன், ஏனென்றால் ட்ரெஸ்டன் சுவர் அவருடையது அன்று என்றாலும் வெற்றுச் சுவரின் ஆற்றலை அவர் நன்கு அறிந்தவர். பால் ஊற்றும் பணிப்பெண்ணை அவர் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் அகச்சிவப்புக் கருவிகளால் ஆராய்ந்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டது. அவள் தலைக்குப் பின்னால் குவளைகள் தொங்கும் மரச்சட்டம் ஒன்றையும், கீழே வலப்பக்கம் நெருப்புக்கூடை ஒன்றையும் வெர்மீர் முதலில் வரையத் தொடங்கிப் பின்னர் தாமே நீக்கிவிட்டிருக்கிறார். இன்று அவள் தலைக்குப் பின்னால் மிஞ்சியிருப்பது ஓர் ஆணியும், ஆணிகள் பிடுங்கிய துளைகளும், அவற்றின் மேல் விழும் வெளிச்சமும் மட்டுமே. பொருட்கள் விலகிய பிறகு படத்தில் அசைவது ஒன்றே ஒன்றுதான்: குடத்தின் வாயிலிருந்து நூல்போல் இறங்கும் பால். அந்த மெல்லிய தாரையைப் பார்க்கும்போது அது பாத்திரத்தில் விழும் ஓசை எனக்குக் கேட்கிறது. அந்த ஓசை கேட்பதால்தான் அறையின் நிசப்தம் எவ்வளவு ஆழமானது என்று தெரிகிறது. இரவில் சுவர்க்கடிகாரத்தின் ஒலி கேட்கத் தொடங்கும்போதுதான் வீடு அடங்கிவிட்டது என்று உணர்கிறோம் அல்லவா, அதே வழிதான் இது. குவளைகள் வரிசையாகத் தொங்கியிருந்தால் பாலின் ஓசை நமக்குக் கேட்டிருக்காது.

இந்த நீக்கும் கலையை ஓர் எல்லைக்கே கொண்டுசென்றவர் ஸ்பெயினின் ஹுவான் சான்செஸ் கோட்டான். ஏறத்தாழ 1602இல் அவர் வரைந்த ஓர் ஓவியத்தில் நான்கே வகைக் காய்கனிகள் இருக்கின்றன. ஒரு சீமைமாதுளையும் ஒரு முட்டைக்கோசும் நூலில் தொங்குகின்றன. கீழே கல் விளிம்பில் அறுத்த முலாம்பழமும், அதன் கீற்றும், ஒரு வெள்ளரிக்காயும் இருக்கின்றன. மேலிருந்து தொடங்கி ஒரு வளைகோட்டில் அவை நம்மை நோக்கி இறங்கிவருகின்றன; வெள்ளரியின் நுனி விளிம்பைத் தாண்டி நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. வளைகோட்டின் மறுபுறம் முழுவதும் கரிய இருள். உணவுப்பொருட்களை நூலில் கட்டித் தொங்கவிடுவது அக்காலத்து இல்லங்களில் இருந்த வழக்கம்தான் என்றாலும், இங்கே நூல் அசைவதற்கு அஞ்சி நிற்பதுபோல் இருக்கிறது. யாரும் மூச்சுவிடாத அறை அது. 1603இல், நாற்பது வயதைக் கடந்த நிலையில், அவர் தம் உடைமைகளை ஒழுங்கு செய்துவிட்டுக் கார்த்தூசியத் துறவிகளோடு சேர்ந்துகொண்டார். கத்தோலிக்கத் துறவு மரபுகளில் பேசாநோன்பை மிகக் கடுமையாகக் கடைப்பிடிக்கும் சபைகளில் ஒன்று அது. முட்டைக்கோசை வரைந்த கையும் மடத்தின் கதவைத் தட்டிய கையும் ஒன்று என்று அறிந்த பிறகு, அந்தக் கரிய பின்னணியை என்னால் வெறும் பின்னணியாகப் பார்க்க முடிந்ததில்லை. எனினும் இதை நான் தேவைக்கு மேல் வாசித்துவிடக் கூடாது என்றும் என்னை எச்சரித்துக்கொள்கிறேன், ஏனெனில் துறவுக்குப் பின் அவர் பெரும்பாலும் வரைந்தவை மனிதர்கள் நிறைந்த சமயக் காட்சிகள்.

நிசப்தத்தின் ஓவியர் என்று ஒருவரை மட்டும் சொல்லச் சொன்னால் நான் டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஹாமர்ஷோயைத்தான் சொல்வேன். 1864இல் பிறந்து 1916இல் மறைந்த அவர், 1898 முதல் 1909 வரை கோபன்ஹேகனில் ஸ்ட்ராண்ட்கேட் 30 என்னும் முகவரியில் மனைவி ஈடாவுடன் குடியிருந்தார். அந்த ஒரே வீட்டின் அறைகளை அறுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களில் அவர் தீட்டியிருக்கிறார். அதே கதவுகள், அதே மேசை, அதே சன்னல். சாம்பல் நிறத்தின் எத்தனையோ சாயல்கள், அவற்றுக்குள் ஒரு துளி மஞ்சளோ பழுப்போ. ஈடா பல படங்களில் கறுப்பு உடையில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பிடரியும் அதன்மேல் முடிந்த கூந்தலும் மட்டுமே தெரிகின்றன. கை என்ன செய்கிறது என்றுகூடச் சில படங்களில் தெரிவதில்லை. முகத்தைப் பார்த்தால் நாம் உடனே அவர் மனத்தை வாசிக்கத் தொடங்கிவிடுவோம்; வாசிப்பதும் ஒருவகை உரையாடல்தான். முகத்தைத் திருப்பியதன் மூலம் ஹாமர்ஷோய் அந்த உரையாடலுக்கு இடம் இல்லாமல் செய்துவிடுகிறார்.

1900இல் அவர் வரைந்த ஓர் ஓவியத்தில் ஈடாவும் இல்லை. மூடிய கதவு ஒன்று, சன்னல் ஒன்று, சாய்வாக உள்ளே வரும் வெயில், தரையில் விழுந்திருக்கும் சன்னலின் ஒளிவடிவம், வெயிலின் பாதையில் மிதக்கும் தூசு. அவ்வளவுதான். தூசு மிதப்பதற்கும் வெயில் நகர்வதற்கும் ஓசை இல்லை; ஆனால் இரண்டும் காலத்தைக் காட்டுகின்றன. அசைவே இல்லாத அறையை வரைந்திருந்தால் அது செத்த அறையாக இருந்திருக்கும். ஓசையில்லாமல் அசையும் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து வைத்ததால் அது உயிருள்ள நிசப்தமாக இருக்கிறது. நான் இந்தப் படத்தைப் பார்த்து மூன்றுமுறை பென்சிலால் வரைய முயன்றிருக்கிறேன். மூன்றுமுறையும் கதவு எளிதாக வந்தது, சன்னல் வந்தது, ஒளி மட்டும் வரவில்லை. தரையில் விழும் ஒளிக்கும் அதைச் சுற்றியுள்ள நிழலுக்கும் இடையிலான வேறுபாட்டை அவர் எவ்வளவு குறைவாக வைத்திருக்கிறார் என்பது கையில் பென்சில் எடுத்த பிறகே புரிந்தது. வேறுபாட்டைச் சிறிது கூட்டினாலும் ஒளி கூவத் தொடங்கிவிடுகிறது.

இத்தாலியின் பொலோனியாவில் ஜார்ஜோ மொராண்டி (1890–1964) செய்ததும் இதற்கு நெருங்கிய செயல். உறங்கவும் வரையவும் பயன்பட்ட ஒரே அறையில், ஏறத்தாழ ஒரே புட்டிகளையும் கிண்ணங்களையும் பல பத்தாண்டுகளாக இடம் மாற்றி மாற்றி வரைந்தார். கண்ணாடியின் பளபளப்பு தொந்தரவு செய்யாமலிருக்கப் புட்டிகளுக்கு வண்ணம் பூசினார்; அவற்றின் மேல் படிந்த தூசியைத் துடைக்கவில்லை. விளம்பரச்சீட்டை உரித்து, மினுக்கத்தை அடக்கி, இந்தப் புட்டி எதற்கானது என்ற கேள்வியையே எடுத்துவிட்ட பிறகு, ஒரு புட்டி இன்னொன்றின் அருகில் நிற்பது என்னும் செயல் மட்டும் எஞ்சுகிறது. நெடுநாள் பழகிய இருவர் பேசிக்கொள்ளாமல் அமர்ந்திருப்பதைப் போன்ற அமைதி அவற்றில் உண்டு.

எட்வர்ட் ஹாப்பரை இங்கே சேர்க்காமல் இருக்க முடியாது, ஆனால் அவருடைய மௌனம் எனக்கு வேறு வகையாகப்படுகிறது. 1942இல் அவர் வரைந்த இரவு உணவகத்தில் நான்குபேர் இருக்கிறார்கள். தெருவிலிருந்து உள்ளே செல்ல ஒரு கதவும் படத்தில் தெரியவில்லை. அது பேசி முடித்தவர்களின் மௌனம், அல்லது பேச எதுவும் இல்லாதவர்களின் மௌனம். அதை நான் மதிக்கிறேன். அதனுடன் நெடுநேரம் இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

கிழக்காசிய ஓவியர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு கோணத்திலிருந்து தொடங்குகிறது. வண்ணத்தால் நிரப்பப்பட வேண்டிய கித்தான் அவர்களிடம் இல்லை. தாளும் பட்டும் ஏற்கெனவே முழுமையானவை, அவற்றின் மேல் எவ்வளவு குறைவாக மை இடலாம் என்பதே கேள்வி. சீனாவின் தென் சொங் காலத்து ஓவியரான மா யுவானுக்கு ‘ஒரு மூலை மா’ என்ற பட்டப்பெயரே உண்டு, ஏனெனில் படத்தின் ஒரு மூலையில் வரைந்துவிட்டு எஞ்சியதை மூடுபனிக்கும் நீருக்கும் விட்டுவிடுவார். ஜப்பானியர் ‘மா’ என்று வழங்கும் கருத்தும் இதுதான்: இரண்டு பொருட்களுக்கு நடுவில் இருக்கும், ஆனால் வெறுமையாக இல்லாத இடைவெளி. அச்சொல்லை எழுதும் எழுத்தில் இரட்டைக் கதவுக்கு நடுவில் சூரியன் இருக்கிறது.

ஹசெகவா தோஹாகு (1539–1610) தீட்டிய பைன் மரங்கள் அந்த இடைவெளியின் உச்சம் என்று நான் நம்புகிறேன். ஆறு மடிப்புகள் கொண்ட இரண்டு திரைகள். ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர் அகலம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஜப்பானின் தேசியப் பொக்கிஷமாகக் காக்கப்படுகிறது. பனிமூட்டத்துக்குள் சில மரக்கூட்டங்கள் நிற்கின்றன; சில கருமையாக முன்னால் வருகின்றன, சில இருக்கின்றனவா இல்லையா என்று ஐயுறும் அளவுக்குப் பின்னால் கரைகின்றன. மரங்களைவிட மரமில்லாத இடமே மிகுதி. தொலைவிலிருந்து பார்க்க இதைவிட அமைதியான படம் உலகில் இல்லை என்று தோன்றும். ஆனால் நெருக்கத்தில் எடுத்த படங்களைப் பார்த்தபோது நான் திடுக்கிட்டேன். ஒவ்வொரு மரமும் கரடுமுரடான தூரிகையால் வெட்டுவது போன்ற வேகத்தில் கீறப்பட்டிருக்கிறது. கோடுகள் சினம் கொண்டவைபோல் இருக்கின்றன. தோஹாகுவின் மகன் க்யூசோவும் ஓவியர். 1593இல் இருபதுகளின் நடுவிலேயே இறந்துபோனவர். இந்தத் திரைகளை அந்தத் துயரத்தோடு இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. தீட்டிய நாள் உறுதியாகத் தெரியாத நிலையில் அதை நான் வற்புறுத்தமாட்டேன். கையின் அத்தனை வேகமும் பத்தடி தள்ளி நின்றால் பனியாக அடங்கிவிடுகிறது என்பது மட்டும் திரையிலேயே இருக்கும் உண்மை.

இருபதாம் நூற்றாண்டில் சிலர் மரங்களையும் எடுத்துவிட்டார்கள். ராபர்ட் ரௌஷன்பெர்க் 1951இல் வெள்ளை வண்ணத்தை உருளையால் சீராகப் பூசிய பலகங்களை மட்டும் ஓவியங்களாக முன்வைத்தார். இசையமைப்பாளர் ஜான் கேஜ் அவற்றில் வெறுமையைக் காணவில்லை. பார்ப்பவரின் நிழலும் அறையின் ஒளியும் தூசும் வந்திறங்கும் தளங்களாக அவற்றைக் கண்டார். 1952 ஆகஸ்டில் பியானோக் கலைஞர் டேவிட் டியூடர் மேடையில் அமர்ந்து 4 நிமிடம் 33 நொடி ஒரு கட்டையையும் அழுத்தாமல் இருந்த படைப்பு கேஜினுடையது. வெள்ளை ஓவியங்களே முதலில் வந்தன, தம் மௌனப் படைப்பு பின்னர்தான் வந்தது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். இசைக்கு மௌனத்தைக் கற்றுக்கொடுத்தது ஓவியம் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. அன்று அரங்கில் இருந்தவர்கள் காற்றையும் கூரையில் விழுந்த மழையையும் தங்கள் சலசலப்பையுமே கேட்டார்கள்.

மார்க் ராத்கோவின் பதினான்கு பெரிய இருண்ட ஓவியங்களுக்காக ஹூஸ்டனில் எழுப்பப்பட்டு 1971இல் திறக்கப்பட்ட எண்கோண மண்டபத்தைப் பலர் மௌனத்தின் கோயில் என்பார்கள். அங்கே சென்றவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டடமும் அளவும் இருளும் சேர்ந்து அடங்கி நிற்கச் சொல்லும் இடத்தைவிட, நானாக அடங்க வேண்டிய இடம் எனக்கு நெருக்கமானது. ஆக்னஸ் மார்ட்டின் ஆறடிச் சதுரக் கித்தானில் பென்சிலால் இழுத்த கட்டக்கோடுகள் அத்தகையவை. அச்சில் அவை ஏறத்தாழ ஒன்றுமே தெரியாத சாம்பல் சதுரங்களாகிவிடும். நேரில் பார்த்தவர்கள், கோடு கித்தானின் இழைமேட்டில் ஏறும்போது சற்றே நடுங்குவதையும், விலகி நின்றால் அந்த நடுக்கமெல்லாம் ஒளிரும் மூட்டமாக மாறுவதையும் விவரித்திருக்கிறார்கள். 1967இல் அவர் நியூயார்க்கை விட்டு வெளியேறி, பல ஆண்டுகள் தூரிகையையே தொடாமல் இருந்தார் என்பதும் அந்தக் கோடுகளுக்குள் சேர்ந்த ஒன்றாகவே எனக்குப்படுகிறது.

நஸ்ரீன் முகமதியின் கோட்டோவியங்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சொற்கள் குறைந்துவிடுகின்றன. 1937இல் கராச்சியில் பிறந்து, பரோடாவில் ஆசிரியராகப் பணியாற்றி, 1990இல் மறைந்தவர். கட்டடக்கலைஞர்கள் பயன்படுத்தும் கோடிழுக்கும் பேனாவும் அளவுகோலும் கொண்டு, தாளின் மேல் மெல்லிய மைக்கோடுகளை அருகருகே இழுத்துக்கொண்டே சென்றார். பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பும் இல்லை, தேதியும் இல்லை. நரம்பு நோய் ஒன்று அவருடைய உடலின் கட்டுப்பாட்டைச் சிறிது சிறிதாகப் பறித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் கோடுகள் மேலும் குறைந்து, மேலும் துல்லியமாகி, கடைசியில் சில மூலைவிட்டங்களும் வளைவுகளும் மட்டும் வெள்ளைத் தாளில் மிதக்கும் நிலைக்கு வந்தன. நடுங்கும் கையால் நடுங்காத கோட்டை இழுக்க எத்தனை மூச்சுகளை அடக்கியிருப்பார் என்று எண்ணும்போது, அந்தத் தாளின் வெண்மை எனக்கு ஓய்வாகத் தெரிவதில்லை. கடும் உழைப்பின் அமைதி அது.

வாயடைப்பைக் காட்டும் படைப்புகளை அழகானவை என்று சொல்லத் தயங்குகிறேன். வியன்னாவின் யூதச் சதுக்கத்தில் ரேச்சல் ஒயிட்ரீட் அமைத்த நினைவுச்சின்னம் 2000இல் திறக்கப்பட்டது. நாஜிகள் கொன்ற 65,000 ஆஸ்திரிய யூதர்களின் நினைவாகக் கட்டியது. கான்கிரீட்டில் வார்த்த ஒரு நூலக அறை. வெளிப்புறச் சுவர் முழுவதும் அடுக்கடுக்காக நூல்கள். ஆனால் நூல்களின் முதுகுகள் உட்புறம் திரும்பியிருக்கின்றன. நமக்குத் தெரிவது தாள்களின் விளிம்பு மட்டுமே. ஒரு தலைப்பையும் படிக்க முடியாது, ஒரு நூலையும் உருவ முடியாது. இரட்டைக் கதவு இருக்கிறது, கைப்பிடி இல்லை. கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோ 2002 நவம்பர் 6, 7 ஆகிய நாள்களில் பொகோட்டாவின் நீதி மாளிகைச் சுவரின் வழியே 280 வெற்று நாற்காலிகளைக் கூரையிலிருந்து ஒவ்வொன்றாக மெதுவாக இறக்கினார். 1985இல் அதே நாள்களில் அந்த இடத்தில் நடந்த, பலர் கொல்லப்பட்ட முற்றுகையின் நினைவாக அதைச் செய்தார். அறிவிப்பு இல்லை, பேச்சு இல்லை. தெருவில் நடந்தவர்களில் சிலர் நின்று பார்த்தார்கள், பலர் கடந்து சென்றார்கள். அறையின் நிசப்தத்துக்குப் பயன்பட்ட அதே வெற்று நாற்காலியும் மூடிய கதவும் இங்கே ஒரு குற்றச்சாட்டாக நிற்கின்றன.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு ட்ரெஸ்டன் சுவருக்கு மீண்டும் வந்தேன். செப்பனிட்டது சரி என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. வெர்மீர் வைத்ததை வைத்த இடத்தில் பார்ப்பது அவருக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை. வெர்மீரின் மௌனம் சுவரில் மட்டும் இருந்ததாக நான் எண்ணியதும் தவறு. மன்மதன் வந்த பிறகும் அவள் தலை கவிழ்ந்தே இருக்கிறாள், உதடுகள் சற்றே பிரிந்திருக்கின்றன, கைகள் கடிதத்தை இறுகப் பற்றியிருக்கின்றன. கடிதத்தின் ஒரு சொல்லும் நமக்குத் தெரியவில்லை. பின்னால் ஒருவன் வெற்றியோடு நிற்பதால் அவள் பேசாமலிருப்பது முன்னைவிடக் கூர்மையாகத் தெரிகிறது என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் பழைய பிரதியை நான் கழற்றவில்லை. புதியதை வாங்கி அதன் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பெயர் தெரியாத அந்தக் கையின் மேல் எனக்குக் கோபமில்லை. ஏன் மறைத்தாரோ, தெரியவில்லை, ஆனால் மறைத்த இடத்தில் ஒளியை அவர் கவனத்தோடுதான் தீட்டியிருக்கிறார்.

சென்ற மாதம் சுவரோரம் இருக்கும் ஒரு நாற்காலியைப் பென்சிலால் வரைந்தேன். முதலில் பின்னால் சன்னலும் இருந்தது. பல நாள்கள் பார்த்துவிட்டு, சன்னலை அழிப்பானால் முழுவதும் எடுத்துவிட்டேன். நேர்வெளிச்சத்தில் பார்த்தால் இப்போது அங்கே சுவர் மட்டும்தான். தாளைச் சற்றே சாய்த்துப் பிடித்தால், பென்சில் அழுந்திய பள்ளங்களாகச் சன்னலின் நான்கு கோடுகளும் நிழலோடு எழுந்து வருகின்றன.